சூடு தெரியாத கால்

காலுறையோடு தோலும் சேர்ந்து வந்தது. இதை இன்னும் பதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொன்னாலும் அன்று பார்த்தது மாறிவிடப் போவதில்லை.

இஸ்திரிக் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அதிலும் மேல்பாதி வெறும் பலகை. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் ஊசி ஆடும். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், கூடவே மழை. துவைத்தது எதுவும் காயாமல் ஊரே ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வாசலில் நின்றது. நானும் தைத்து முடித்த சீருடைச் சட்டை இருபத்திரண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையில் ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்தபடி காலையில் உள்ளே நுழைந்தேன். மேசையடியில் சிமெண்டுத் தரையில் ஈரமாக ஒரு பாதச் சுவடு தெரிந்தது. நாலடி தள்ளி இன்னொன்று. எல்லாமே இடது கால்.

"என்ன மடிப்பு, தரையெல்லாம் ஈரமாக் கிடக்கு? நான் வழுக்கி விழுந்து போய்ச் சேரணும்னு வேண்டுதலா?" என்றேன்.

மடிப்பு என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். அவர் தேய்த்த சட்டைக் கையின் மடிப்பில் விரலை ஓட்டினால் அறுக்கும் என்பார்கள். அம்பத்து மூணு வயது. வாயில் சிகரெட், கையில் இஸ்திரிப் பெட்டி. இரண்டில் எது முதலில் அணையும் என்று நான் கேலி செய்வேன்.

"தண்ணி ஏதுக்கா? தெளிக்கிற புட்டி அந்தப் பக்கம்ல இருக்கு" என்று குனிந்து பார்த்தார். இடது காலுறை பாதம் முழுக்க நனைந்து, ஒருமாதிரி மஞ்சளாக இருந்தது. அவர் மனைவி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். அவர் காலடியில் உட்கார்ந்து உறையை உருவினாள்.

நான் சட்டைகளைக் கீழே போட்டுவிட்டேன். கையில் உறை தொங்கியது. பாதத்தின் பக்கவாட்டிலும் குதிகாலிலும் உரிந்துபோய் ஈரமாக மின்னியது. சுண்டுவிரல் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

மடிப்பு மட்டும் அதை யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வலிக்கவே இல்லையே!" என்றார்.

புண்ணைப் பார்த்ததும் வந்தது அருவருப்பு. இந்தச் சொல்லைக் கேட்டதும் வந்தது பயம்.

அவர்கள் வேலையைப் பார்க்காதவர்களுக்கு இது புரியாது. அவர் சட்டைக்காரர். காலர், தோள், கைமூட்டு, கை, முன்பக்கம், முதுகு. அந்த வரிசை ஒருநாளும் பிசகாது. அவள் கால்சட்டையும் படுக்கை விரிப்பும். இரண்டு மேசை, இரண்டு பெட்டி, காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை நின்ற நிலை. அவர் நடப்பதெல்லாம் மேசைக்கும் துணி மாட்டும் கம்பிக்கும் நடுவிலுள்ள நாலடிதான். அவளோ நடந்துகொண்டே இருப்பவள். துணி வாங்க, கொடுக்க, கஞ்சி காய்ச்ச, சோறு வடிக்க. அவள் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சாப்பிடுவதுகூட மேசை ஓரத்தில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடிதான்.

ஒரு மாதமாக அவருக்கு இடது பாதம் சில்லென்றே இருந்தது. மழைக்குளிர் என்று நினைத்துக்கொண்டார்கள். காலுறை போட்டார். போதவில்லை. பெட்டி தேய்க்கிறவர்களிடம் கைவசம் ஒரு வைத்தியம் உண்டு. மணிக்கட்டு வலித்தாலும், இடுப்பு பிடித்தாலும், ஒரு கம்பளித் துண்டை நாலாக மடித்துத் தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கும்வரை அதன்மேல் பெட்டியை ஓட்டி ஒத்தடம் கொடுப்பார்கள். பெட்டி கையிலேயே இருக்கும்போது வெந்நீர்ப் பைக்கு எங்கே போவது? தினமும் கடை சாத்துகிற நேரத்தில் அவள் அவர் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அப்படிச் செய்தாள். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும்.

"இதமா இருக்காங்க?"

"ம்... இதமா இருக்கு."

"எடுத்துடட்டுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் வையேன்."

அவள் அண்ணன்காரனைக் கூப்பிட்டோம். ஒரு விடுதியின் துணிகளை வண்டியில் ஏற்றி இறக்குகிறவன். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். அழுக்கு விரிப்பு மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணி, மச்சானை வண்டியில் ஏற்றினான். நானும் கடையைச் சாத்திவிட்டு ஏறிக்கொண்டேன். அவள் கூப்பிடவில்லை. ஆனால் என் கையை விடவும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். குள்ளமான பெண். மூக்குக் கண்ணாடி, வேகமான பேச்சு. முதலில் அவர் புண்ணைப் பார்க்கவே இல்லை. இரண்டு விரலால் பாதத்தின் மேலே தொட்டார். கணுக்காலுக்குப் பின்னால் தொட்டார். முழங்கால் மடிப்பில், பிறகு தொடை இடுக்கில் தொட்டார்.

"எவ்வளவு தூரம் நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்?"

"நான் எங்க டாக்டர் நடக்கறேன்? நிக்கத்தான செய்யறேன்" என்றார் மடிப்பு.

"அதான் இத்தனை நாள் தெரியாமப் போயிருக்கு. நடக்கிற ஆளா இருந்தா கால் அப்பவே சொல்லியிருக்கும்."

பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்தார். பசை தடவி வலது பாதத்தில் வைத்தார். அறை முழுக்க சொஷ், சொஷ், சொஷ் என்று சத்தம். ரத்தம் ஓடுகிற சத்தமாம். பிறகு இடது பாதத்தில் வைத்தார். வெறும் இரைச்சல். கொஞ்சம் நகர்த்தினார். இரைச்சல்தான். கணுக்காலில் வைத்தார், விரலிடுக்கில் வைத்தார்.

"மிஷின் கெட்டுப்போச்சா டாக்டர்?" என்றாள் அவள்.

டாக்டர் கருவியை மறுபடி வலது காலில் வைத்தார். சொஷ், சொஷ், சொஷ். அவள் முகம் செத்துப்போனது. மிஷின் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் டாக்டர் புண்ணுக்கு வந்தார். "இது அடைப்பால வந்த புண் மட்டும் இல்லை. வெந்திருக்கு. யார் சுட்டது?"

"சுடலைங்க. ஒத்தடம்..." அவள் குரல் உள்ளே போய்விட்டது. "நான்தான் குடுத்தேன்."

"ரத்தம் ஓடாத கால்ல சூடே படக்கூடாதும்மா. அதுவும் இவ்வளவு சூட்டை எப்படி வச்சீங்க? கையில தொட்டுப் பாக்கலையா?"

"பாத்தேனே! தினமும் என் உள்ளங்கையில அழுத்திப் பாத்துட்டுத்தான் வச்சேன். இதமாத்தான் இருந்துச்சு. சத்தியமா இதமாத்தான் இருந்துச்சு."

டாக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார்.

ஸ்கேன் எடுக்க அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடைக்கூடத்தில் ஒரு நர்ஸ் எங்கள் மூவருக்கும் டீ கொண்டுவந்தாள். அப்போதுதான் இறக்கிய கொதி. எவர்சில்வர் டம்ளர்களைத் துணியால் பிடித்து எங்கள் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். அண்ணன்காரன் தொட்டுவிட்டு விரலை உதறினான். இவள் ஏதோ யோசனையில் டம்ளரை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்து எடுத்தாள். எடுத்து, அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் பதறினாள். "அம்மா, கை! சுடலையா?"

"இல்லையே. இதமாத்தான..."

பாதியில் நின்றுவிட்டாள். டம்ளரைக் கீழே வைத்தாள். தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். முப்பது வருஷம் பெட்டி பிடித்த கை. மஞ்சளாக, தடிப்பாக, செருப்புத் தோல் மாதிரி. பெட்டியின் அடியை அந்தக் கையால் தட்டியே இது பட்டுக்கான சூடு, இது பருத்திக்கான சூடு என்று சொல்லிவிடுவாள். அந்தத் திறமையை நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கைக்கு இதமாக இருந்தது மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை நாளில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இல்லை, பொய் சொல்கிறேன். எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் அந்த ஒத்தடத் துண்டை நகர்த்தி வைக்கிறேன் பேர்வழி என்று தொட்டுவிட்டு, சுரீரென்று கையை இழுத்துக்கொண்டேன். இவர்களுக்குச் சூடு பழக்கம், நமக்கென்ன என்று ஊசிக்கு நூல் கோக்கப் போய்விட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அது என் நெஞ்சில் கிடக்கிறது.

அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு நாலைந்து நாள் அந்தக் கை வெளியே வரவில்லை.

ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் எங்களுக்கு விளக்கினார். இடது தொடையில் பெரிய ரத்தக்குழாய் பாதிவழியில் அடைந்துகிடக்கிறது. அதற்குக் கீழே சின்னச் சின்னக் குழாய்கள் வழியாகக் கசிந்து போகிற ரத்தத்தில்தான் கால் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

"சர்க்கரை இல்லை. எல்லாம் சிகரெட் செஞ்ச வேலை" என்றார்.

"நான் அன்னைக்கே சொன்னேன் டாக்டர். கேட்டாரா?" என்றான் அண்ணன்காரன். அவன் சட்டைப் பையிலும் ஒரு சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டு நின்றது. டாக்டர் அதையே பார்க்க, அவன் கையால் மூடிக்கொண்டான்.

"இப்ப என்ன செய்யணும்?" என்றேன் நான்.

"அவரோட வலது கால்லேர்ந்து ஒரு நரம்பு எடுப்போம். ரத்தம் திரும்பி வர்ற நரம்பு, அது இல்லாம சமாளிக்கலாம். அதை அடைப்புக்கு மேல ஒரு முனை, முழங்காலுக்குக் கீழ ஒரு முனைன்னு தைச்சுடுவோம். ரத்தம் அடைப்பைச் சுத்தி அந்த வழியாப் போயிரும்."

"தைக்கிறதா? எவ்வளவு தடிமன் இருக்கும் அந்தக் குழாய்?" என்றேன்.

டாக்டர் தன் பேனாவைக் காட்டினார். "இதைவிடக் கம்மி. நூல் தலைமுடியைவிட மெலிசு."

நாற்பது வருஷமாகத் தைக்கிறேன். ஈரமான, துடிக்கிற, வழுக்குகிற ஒரு துணியை யாரும் என்னிடம் கொண்டுவந்ததில்லை.

"ரத்தம் நல்லா இறங்கிச்சுன்னா வெந்த புண் ஆறிடும். சுண்டுவிரல் போகும், அதைக் காப்பாத்த முடியாது. ரத்தம் இறங்கலைன்னா, இந்தப் புண் அழுகி மேல ஏறும். முழங்காலுக்குக் கீழ எடுத்துதான் ஆகணும். வெறும் அடைப்பா இருந்தா நமக்கு நாள் இருந்திருக்கும். இந்தப் புண்ணால நாளும் இல்லை."

அவள் நின்ற இடத்திலேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். நின்று சம்பாதிக்கிற மனுஷன். ஒற்றைக் காலில் நின்று எத்தனை சட்டை தேய்ப்பார்? அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் சம்மதப் படிவம் வந்தது. ஆபரேஷனுக்கு ஒன்று. வேண்டியிருந்தால் காலை எடுக்க இன்னொன்று. அவர் கையெழுத்துப் போட்ட பிறகு வீட்டு ஆள் ஒருத்தரும் போட வேண்டும் என்றார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் நீட்டிய பேனாவை அவள் வாங்கவே இல்லை.

"அண்ணே, நீ போடு."

"பொண்டாட்டி நீ இருக்கும்போது நான் எதுக்கு? போடும்மா. வெறும் காகிதம்."

"வெறும் காகிதமா? இந்தக் கையாலதான் அதை வேக வச்சேன். வெட்டுறதுக்கும் இதே கையால எழுதிக் குடுக்கணுமா? முடியாதுண்ணே. என்னை விட்டுடு."

"நீ வேணும்னேவா பண்ணுனே?"

"வேணும்னு பண்ணுனா என்ன, தெரியாம பண்ணுனா என்ன, வெந்தது வெந்ததுதான?"

படுத்திருந்த மடிப்பு, "மச்சான், அவளை விடுங்க. நீங்க போட்டுக் குடுங்க" என்றார். அண்ணன்காரன் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

அவள் கட்டிலின் கால்மாட்டில், காலைத் தொடாத தூரத்தில் நின்றாள். பிறகு கேட்டாள். "அந்தச் சூடு உங்களுக்குத் தெரிஞ்சுதா இல்லையா?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க. தெரிஞ்சுதா?"

"தெரியலை."

"ஒருநாளுமா?"

"மொத ரெண்டு நாள் ஏதோ கொஞ்சம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியலை. கட்டையில துணி சுத்துன மாதிரிதான் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு இதமா இருக்குன்னு சொன்னீங்க? நான் எடுக்கறேன்னு சொல்லச் சொல்ல, எதுக்கு இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு சொன்னீங்க?" குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். "பொய் சொல்லிச் சொல்லி என்னை இப்படி ஆக்கிட்டீங்களே!"

நான் எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். கால் நகரவில்லை.

"நீ உக்காந்திருந்தல்ல" என்றார் அவர்.

"என்ன?"

"காலைலேர்ந்து நீ உக்கார்ற நேரம் அது ஒண்ணுதான். எடுக்கச் சொன்னா உடனே எந்திரிச்சு பாத்திரம் கழுவப் போயிடுவே. எனக்குச் சூடு தெரியுதோ இல்லையோ, நீ கொஞ்ச நேரம் உக்காந்திருக்கட்டுமேன்னு சொன்னேன். இப்படி ஆகும்னு நான் கண்டேனா?"

அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பேயறைந்தவள் போல அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் வாயில் அப்படி ஒரு பேச்சு வந்து அவள் கேட்டிருக்க மாட்டாள். வந்ததுதான் வந்தது, இப்படிப்பட்ட நாளிலா வர வேண்டும் என்று எனக்கு அவர்மேல் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அடுத்த நாள் எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மழை விடவில்லை. காத்திருக்கும் கூடத்தில் ஈரக்குடைகளின் நாற்றம். நான் பையில் சீருடைச் சட்டைகளைக் கொண்டுபோயிருந்தேன். பள்ளிக்கூடம் யாருக்காகவும் காத்திருக்காது. பொத்தான் தைத்தேன். அண்ணன்காரன் பன் வாங்கிவந்தான். யாரும் தொடவில்லை. அவன் அடிக்கடி வெளியே போவதும் வருவதுமாக இருந்தான். சிகரெட்டுக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அவன் சட்டைப் பை தட்டையாக இருந்தது. குப்பைத் தொட்டிவரை போய்ப் போட்டுவிட்டு, அது இருக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சிரிப்பு வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, எடுத்துட்டா அந்தக் காலை என்ன பண்ணுவாங்க?"

"வாயை மூடு" என்றேன். என் ஊசி விரலில் ஏறியது.

ஆறு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். கண்ணுக்குக் கீழே முகமூடியின் தடம். "குழாய் ஓடுது. சத்தம் கேக்குது. சுண்டுவிரலை எடுத்துட்டோம்" என்றார். நான் கை கூப்பினேன். அவர் தலையை ஆட்டி நிறுத்தினார். "இருங்க. கணுக்கால் வரைக்கும் நல்லா இருக்கு. பாதம் ரொம்ப நாள் பட்டினி கிடந்திருக்கு. அதுக்குள்ள உயிர் வந்து புண் ஆறத் தொடங்குதான்னு ரெண்டு மூணு நாள் போனாத்தான் சொல்லுவேன். இல்லைன்னா அந்த ரெண்டாவது படிவம்தான்."

முதல் நாள் கட்டு மாற்றினார்கள். நர்ஸ் புண்ணைத் துடைத்தாள். மடிப்பு பேப்பரில் வந்த ஏதோ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளும் அதே கதைதான். வலது காலில் நரம்பு எடுத்த தையல் வலிக்கிறது என்றார், இடுப்பு வலிக்கிறது என்றார். இடது பாதத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. டாக்டர் ஒரு ஊசியின் மழுங்கிய முனையால் பாதத்தைத் தொட்டு, "இது தெரியுதா? இது?" என்று கேட்டார். மடிப்பு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "தெரியுற மாதிரி இருக்கு" என்றார்.

அவள் வெடித்தாள். "அவர் சொல்றதை நம்பாதீங்க டாக்டர்! நமக்காகச் சொல்றாரு. அவருக்கு ஒண்ணும் தெரியலை."

டாக்டர் எழுதிவிட்டுப் போனார். நாளைக் காலையில் முடிவு சொல்கிறேன் என்றார்.

மூன்றாம் நாள் காலை கட்டு மாற்ற வந்த நர்ஸுக்குத் துணைக்கு ஆள் இல்லை. டாக்டர் வந்துகொண்டிருக்கிறார், அதற்குள் கட்டைப் பிரித்து வைக்க வேண்டும். "அம்மா, இந்தக் குதிகாலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்று இவளுக்கும் கையுறை கொடுக்கப் பார்த்தாள்.

"நான் தொட மாட்டேன்."

"புண்ணுல படாம, கீழ பிடிச்சாப் போதும்."

"வேண்டாம்மா. என் கை ஆகாது."

"நான் பிடிக்கிறேன்" என்று எழுந்தேன். நர்ஸ் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நேரமாகுது, பிடிங்கம்மா!" என்று ஒரு அதட்டல் போட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப்போல இவள் கையை வெளியே எடுத்தாள். கையுறை மாட்டினாள். குதிகாலுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

"ஐயோ!"

வார்டே திரும்பியது. மடிப்பு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. "அடிப்பாவி, விடுடி! எரியுது! கையை எடுடி, உயிர் போகுது!"

அவர் அவளை 'டி' போட்டு நான் கேட்டதில்லை. அவளும் கேட்டிருக்க மாட்டாள் என்று முகமே சொன்னது. கையை எடுக்கவில்லை. எடுக்கத் தெரியவில்லை.

"எங்க எரியுது?" என்றாள்.

"நீ பிடிச்சிருக்க எடத்துலதான்டி! அங்கதான்! பாதமெல்லாம் எரியுது, நெருப்பை வச்ச மாதிரி எரியுது. என்னடி பண்ணி வச்சிருக்கே என் காலை!"

வாசலில் டாக்டர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. மெல்ல வந்து விரலால் பாதத்தின் மேலே தொட, மடிப்பு இன்னொரு தரம் கத்தினார். டாக்டர் நர்ஸிடம், "வலிக்கு ஊசி போடுங்க" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அந்த ரெண்டாவது படிவத்தைக் கிழிச்சுடலாம்" என்றார்.

அண்ணன்காரன் ஓவென்று அழுதான். நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

நர்ஸ் அவள் கையிலிருந்து குதிகாலை மெதுவாக வாங்கித் தலையணைமேல் வைத்தாள். மடிப்பு வியர்த்துப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு, திட்டியதற்கு வெட்கப்பட்டவராக வேறு பக்கம் பார்த்தார். அவள் கையுறையைக் கழற்றினாள். நேராக அவர் தலைமாட்டுக்குப் போனாள். அந்தத் தடித்த வலது கையால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"நான் சுட்டதுதான்" என்றாள். "இப்பவாவது தெரிஞ்சுதே. நல்லாத் திட்டுங்க."